நீ அனுப்பிய ஏசியும் நம் வீட்டு ஹாலும்

கார்த்தி,

நீ அனுப்பிய ஏசி நன்றாக ஓடுகிறது என்று போனில் சொன்னேனே, அது பொய். கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு, கேட்கிறவன் மனசு கோணாமல் பதில் சொல்வது பழக்கமாகிப் போகும். நீ ஆசையாகக் கேட்டாய், நானும் ‘சூப்பரா ஓடுதுப்பா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் நடந்ததைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. நாங்கள் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கிலும் இந்தியிலும் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை நீ. உன் பெண்டாட்டி ரேவதி கோயம்புத்தூரில் படித்தவள், அவள் வாசித்துக் காட்டட்டும். நடுவில் எங்கேயாவது அவள் நிறுத்தினால் அவசரப்படுத்தாதே. இதன் ஒரு பிரதியைத் தமிழ்ச் சங்க மலருக்கும் கொடுக்கப் போகிறேன். உன்னைப் போல டாலஸிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு மெஷின் அனுப்புகிற பிள்ளைகள் இங்கே நம் ஏ.எஸ்.ராவ் நகரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

பெட்டி வந்த அன்றே எனக்குக் கோபம்தான். டெலிவரிக்காரர் கீழே நம் கடை போர்டைப் பார்த்துவிட்டு மேலே வந்து, “ஏன்ட்டி சார், ஏசி ஷாப் மீதே கதா?” என்று, ஏசி கடையே உங்களுடையதுதானே என்கிற மாதிரி சிரித்தார். மெக்கானிக் காஜாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் கடையில் சேர்ந்துதான் அவன் தமிழே பழகினான், ஆனால் குத்துகிற பேச்சு மட்டும் பிறவியிலேயே கூட வந்தது. “கைக்கு சேட், எதுக்கு இது? நம்ம கடையில ஏசி தீர்ந்து போச்சா? தம்பி ஆன்லைன்ல வாங்கி உங்களுக்கு அனுப்பியிருக்கு?” என்றான். நீ ஏன் அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். என் கடையில் ஏசி இருக்கிறது, அம்மா படுத்திருக்கும் அறையில் இல்லை.

அதற்குக் காரணம் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த பிளாட்டை வாங்கியபோது ஒரே ஒரு ஸ்பிளிட் ஏசி மாட்டினேன், அதையும் ஹாலில் மாட்டினேன். வருகிறவர்கள் உட்கார வேண்டும், டீலர்கள் வருவார்கள், கம்பெனி ஆட்கள் வருவார்கள், ஏசிக்காரன் வீடு சில்லென்று இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பெட்ரூமுக்கு ஏர்கூலர். உன் அம்மா அப்போதே சொன்னாள்: “விருந்தாளி குளிரட்டும், வீட்டுக்காரி வேகட்டும்னு வச்சிருக்கீங்க.” நான் சிரித்தேன். அந்த அறைக்கு வெளிச்சுவர் என்று இருப்பது டக்ட் பக்கம் ஒன்றுதான். நான்கு மாடிகளின் பாத்ரூமும் சமையலறையும் திறக்கிற அந்தக் கிணற்றுச் சந்தில் அவுட்டோர் யூனிட் தொங்கவிடக் கூடாது என்று அசோசியேஷன் சொல்லிவிட்டது. பைப்பை ஹால் வழியாக பால்கனிக்கு இழுக்கலாம், ஆனால் சுவரை நீளத்துக்கு வெட்ட வேண்டும். அடுத்த வருஷம் பார்ப்போம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றே ஓட்டினேன். இன்று வெட்டலாம் என்றால் சிமெண்டுத் தூசி அவள் நெஞ்சுக்கு ஆகாது என்கிறார் டாக்டர். ஊருக்கெல்லாம் ‘வெயில் வருமுன் மாட்டுங்க சார்’ என்று சொன்னவன் நான்.

நீ வீடியோவில் உனக்கு வந்த தமிழில் சொன்னாய்: “அம்மா கட்டில ஹாலுக்கு மாத்துங்கப்பா, சிம்பிள்.” அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. உன் தாத்தா இறந்த அன்று நீ காலேஜ் ஹாஸ்டலிலிருந்து சாயங்காலம்தான் வந்தாய், அதற்குள் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. சோபாவை ஓரமாகத் தள்ளி, ஸ்பிளிட்டுக்கு நேர் கீழே தாத்தாவைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தினோம். எங்கள் பக்கத்தில் பிணத்துக்குத் தெற்கே தலை. ஐஸ் பெட்டிக்காரன் டிராபிக்கில் மாட்டிக்கொண்டான். மே மாத வெயில். நான் ரிமோட்டை எடுத்து எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து வைத்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், அந்தக் குளிரில் தாத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்து விறைத்துப் போனவள் உன் அம்மா. போன வருஷம் அவளுக்கு முதல் தடவை பக்கவாதம் வந்து, வாய் கொஞ்சம் குழறினாலும் பேச்சு இருந்தபோது, நானே கட்டிலை ஹாலுக்கு நகர்த்தலாமா என்று கேட்டேன். “ஹாலில் படுக்க வைக்கிறது பொணத்தைத்தான். என்னை இப்பவே ஐஸ் பெட்டியில வைக்கப் பார்க்கிறீங்களா?” என்றாள். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை வந்தது. வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போனது. அந்த ‘மாட்டேன்’ மட்டும் அப்படியே இருந்தது.

இடது கையில் மணிக்கட்டு அசையும், விரல்களுக்கு பெல்லை அழுத்துகிற வலு இல்லை. நீ அனுப்பிய காலிங் பெல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு காஜா கடைக்குப் போய், ஏசிக்குப் போடுகிற காப்பர் பைப்பில் ஒரு துண்டு வெட்டி, வளையலாக வளைத்துக்கொண்டு வந்து அவள் கையில் மாட்டினான். அதைக் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டினால் வீடு முழுக்கக் கேட்கும். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம், தொடர்ந்து தட்டினால் ஓடி வா. இதுதான் இப்போது உன் அம்மாவின் பாஷை. போனில் பின்னாடி என்ன சத்தம் என்று கேட்பாயே, அது அதுதான்.

இனி உன் மெஷினுக்கு வருகிறேன். கடைக்கு ஒருவர் வந்து, ‘போர்ட்டபிள் ஏசி வாங்கலாமா?’ என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, ஜன்னல் எங்கே திறக்கிறது என்பதுதான். எத்தனை டன் என்பதெல்லாம் பிறகு. சாதா ஏசியின் சூடான பாதி வெளியே நிற்கும். இதில் இரண்டு பாதியும் அறைக்குள்ளேயே உன்னோடு குடியிருக்கும். சூட்டை மட்டும் ஒரு தடித்த குழாய் ஜன்னல் வழியாக வெளியே ஊதும். அந்த ஜன்னல் திறந்த வெளியைப் பார்க்க வேண்டும். குழாய் குட்டையாக, நேராக இருக்க வேண்டும், வளைந்து நீண்டால் அந்தக் குழாயே அறைக்குள் ஒரு அடுப்பு. ஜன்னலில் கிரில் இருந்தால், கூட வருகிற பிளாஸ்டிக் தகடு சரியாக உட்காராது, நம் ஊரில் கிரில் இல்லாத ஜன்னல் எங்கே இருக்கிறது? பிறகு, அறையிலிருக்கும் காற்றைத்தானே அது வெளியே தள்ளுகிறது? போன காற்றுக்குப் பதிலாக வேறு காற்று உள்ளே வந்தே தீரும். கதவிடுக்கு, பாத்ரூம், எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கேயிருந்து வரும். வெளியே சூடு என்றால் சூடு வரும், நாற்றம் என்றால் நாற்றம் வரும். ஆகவே சின்ன அறை, திறந்த வெளியைப் பார்த்த ஜன்னல், சுவரில் துளை போட விடாத வீட்டுக்காரர், இன்னும் கொஞ்ச நாளில் காலி செய்யப் போகிற குடித்தனம், இரைச்சலிலும் தூங்குகிற வயசு, இத்தனையும் சேர்ந்தால் வாங்கு என்பேன். ஒன்று குறைந்தாலும், தம்பி இன்னொரு கடையையும் பார்த்துட்டு வாங்க என்று அனுப்பிவிடுவேன். வியாபாரம் போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்து திட்டுகிற கஸ்டமர் நமக்கு வேண்டாம்.

நம் வீட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் டக்டில் திறக்கிறது, கிரில் இருக்கிறது, அறைக்கு ஒட்டினாற்போல் பாத்ரூம். பெட்டியைத் திறக்காமலே எனக்குத் தெரியும். ஆனாலும் மாட்டினேன். ஏன் மாட்டினேன்? அந்த வாரம் வெயில் அப்படி. அவளைப் பார்த்துக்கொள்ளும் லட்சுமம்மா, முதுகைத் திருப்பிப் போடும்போதெல்லாம் உச்சுக் கொட்டுவாள். வேர்வையில் ஊறி ஊறித் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. படுக்கைப் புண் வந்தால் அப்புறம் கஷ்டம் சார் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதோடு, நீ அனுப்பியது. அதைத் திருப்பி அனுப்பினால் உன்னைத் திருப்பி அனுப்பின மாதிரி இருக்கும் என்று தோன்றியது. கிரிலுக்கு வெளியே குழாய் வாயை நீட்ட முடியாமல், தெர்மாகோல் அட்டை வெட்டி, சுற்றிலும் டேப் ஒட்டினேன். காஜா வந்து பார்த்து, “டேப் நக்கோ சேட், வேணாம், சூடு பட்டா கோந்து இளகும். நாளைக்கு இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் கொண்டாறேன்” என்றான். ‘ஒரு நாள் தாங்கும்டா, போ’ என்றேன்.

ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அவள் முகத்தில் வேர்வை நின்றது, அதை மறைக்கவில்லை. ஆனால் அறையில் வேறு ஏதோ நெடி. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி பாத்ரூம் கதவின் கீழே பிடித்தேன். புதுசாக ஏசி மாட்டுகிற அறையில் காற்று எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க நாங்கள் செய்வதுதான். புகை நேராக மேலே போகாமல், யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி அறைக்குள் ஓடி வந்தது. கீழ்வீட்டு வெங்காயத் தாளிப்பு, மேல்வீட்டு பினாயில் எல்லாம் அந்தப் பாதையில்தான் அம்மா மூக்குக்கு வந்துகொண்டிருந்தது. இருமத் தெம்பில்லாதவள், தொண்டைக்குள்ளேயே கரகரத்தாள். பாத்ரூம் கதவிடுக்கில் பழைய துண்டைத் திணித்தேன், கொஞ்சம் குறைந்தது. அறைக் கதவையும் சாத்தி வைத்தால்தான் குளிர் நிற்கும் என்று சாத்தினேன். அன்று நீ போன் செய்தபோது சூப்பரா ஓடுதுப்பா என்றேன். மெஷினின் இரைச்சலில் நீ சொன்ன பாதி எனக்குக் கேட்கவில்லை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் லட்சுமம்மா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். நான் ஹாலில் ஸ்பிளிட்டுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு டீலரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். சீசன் நேரம், சரக்கு தட்டுப்பாடு, பேச்சு நீண்டது. கதவு சாத்தியிருந்தது, உள்ளேயிருந்து மெஷின் உறுமுவது மட்டும் கேட்டது. ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன். லட்சுமம்மா இறங்கி வந்து கதவைத் திறந்தவள் “அய்யோ” என்றாள். போனைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி அடித்தது. கோந்து இளகி, குழாய் ஜன்னலிலிருந்து கழன்று, தரையில் விழுந்து கிடந்தது. வெளியே போக வேண்டிய சூடெல்லாம், சாத்திய அறைக்குள், அவள் பக்கமாக ஊதிக்கொண்டிருந்தது. அவள் தட்டிக்கொண்டிருந்தாள். கார்த்தி, நான் உள்ளே போன பிறகும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். மெஷினை அணைத்த பிறகுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. “சார், அம்மா செய்யி சூடண்டி,” கையைப் பாருங்கள் என்று லட்சுமம்மா அதைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு கன்றி, வீங்கிப் போயிருந்தது. காப்பர் வளையல் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. எத்தனை நேரம் தட்டியிருந்தால் அது அப்படி ஆகும் என்று பைப் வளைத்துப் பிழைத்தவனுக்குத் தெரியாதா?

ஈரத் துணி போட்டோம், டாக்டர் வந்தார், சலைன் ஏற்றினார், காய்ச்சல் இறங்கியது. பிழைத்துக்கொண்டாள். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. மெஷின் உன்னுடையது, டேப் என்னுடையது. நீ தூரத்திலிருந்து விளம்பரத்தைப் பார்த்து வாங்கினாய், நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு தெரிந்தே மாட்டினேன். ஒன்றை மட்டும் மனசில் வை: நோயாளி அறையில் எதை வைப்பதானாலும் அது என்ன தருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அது எந்தச் சத்தத்தை மூடுகிறது என்று பார். நம் வீட்டில் அது மூடியது உன் அம்மாவின் வாயை.

இரண்டு நாள் அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் உள்ளே போனால் கண்ணைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வாள். அறை வெந்துகொண்டிருந்தது, முதுகுப் புண் சிவந்துகொண்டிருந்தது, பக்கத்து ஹாலில் குளிர் சும்மா கிடந்தது. மூன்றாம் நாள் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “செல்வி, ஹாலுக்குப் போயிடுவோமா?” டொக் டொக். வீங்கிய கையாலேயே தட்டினாள். வியாபாரத்தில் ‘முடியாது’ என்பது முதல் பேச்சு, கடைசிப் பேச்சு இல்லை. ஆனால் இதுவரை நான் அவளிடம் பேரம் பேசியதே இல்லை, எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். “அது இனிமே ஹாலே இல்ல. சோபாவைத் தூக்கிக் கடைக்கு அனுப்பிடறேன்.” டொக் டொக். “உன் பீரோ, சாமி படம், கண்ணாடி எல்லாம் அங்க வரும்.” கண் மட்டும் பீரோப் பக்கம் போனது. “திரை போட்டுடறேன். எவன் வந்தாலும் இந்த பெட்ரூம்ல உட்கார்ந்து வேகட்டும். டீலரா இருந்தாலும் சரி.” வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்தது. அது சிரிப்பு என்று லட்சுமம்மாவும் சொன்னாள். “அப்போ சரியா?” டொக் டொக்.

காஜாவைக் கூப்பிட்டு, கட்டிலை எங்கே போடுவது என்று அவள் காதுபடவே பேசினேன். ஸ்பிளிட் மாட்டிய சுவரோரம், இப்படித் தெற்கே தலைவைத்துப் போட்டால் காற்று மேலே படாமல் போகும் என்றேன். கம்பியில் டொக் டொக், டொக் டொக். நிறுத்தவே இல்லை. அப்போதுதான் என் மர மண்டைக்கு ஏறியது. அதே சுவர், அதே தெற்கு, தாத்தா கிடந்த அதே இடம். சோபாவும் திரையும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. “கிழக்கே தலைவச்சுப் போட்டா?” என்றேன். தட்டு நின்றது. பிறகு ஒரே ஒரு டொக்.

கிழக்கே தலைவைத்தால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். காஜா ஒரு அக்ரிலிக் தகட்டை வளைத்து ஏசி வாய்க்குக் கீழே தடுப்பாக மாட்டி, காற்றை மேலே திருப்பிவிட்டான். “ஹவ் சேட், ஆமா, ஊரெல்லாம் கஸ்டமர்கிட்ட எந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பீங்கன்னு கேட்டுத்தானே ஏசி மாட்டறோம். அம்மாகிட்ட மட்டும் கேக்கல.” நான் ஸ்குரூவை எடுத்துக் கொடுத்தேன். இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். இரைச்சல் இல்லை. வளையலை உருட்டி நேராக்கி, கையில் படுகிற உள்பக்கம் துணி சுற்றிப் போட்டிருக்கிறோம். லேசாகத் தட்டினாலே எனக்குக் கேட்கிறது, தட்டாதபோதும் கேட்கிறது. உன் மெஷினை விற்றுவிட்டேன், வருத்தப்படாதே. தார்நாகாவில் வாடகைக்கு இருக்கிற ஒரு பையன், தெருவைப் பார்த்த ஜன்னல், கிரில் திறக்கிற மாதிரி இருக்கிறது, ஆராய்ச்சி முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவான். அவனுக்கு அது பொருந்தும். நல்லது கெட்டது எல்லாம் சொல்லி, காஜாவை அனுப்பிக் கிளாம்ப் போட்டு மாட்டிக் கொடுத்தேன்.

போன வாரம் நீ கேட்டாய், ‘அப்பா, வேற என்ன அனுப்பட்டும்?’ எதுவும் அனுப்பாதே. டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பழைய மெஷினின் சத்தத்தை வைத்து இது இன்னும் எத்தனை சீசன் ஓடும் என்று சொல்லிப் பழகியவன் நான், இந்த மூச்சுச் சத்தத்தையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். லீவு, டிக்கெட் விலை, வேலை எல்லாம் எனக்கும் தெரியும். அந்தச் சோபா ஒருநாள் கடையிலிருந்து திரும்பி வரும், கட்டிலைக் கழற்றி ஓரமாகச் சாத்துவோம், ஹால் மறுபடியும் ஹாலாகும். அன்றைக்கு எப்படியும் நீ வந்துவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைக்கு அவளைத் தெற்கே தலைவைத்துத்தான் கிடத்த வேண்டியிருக்கும்.

கிழக்கே தலைவைத்துப் படுத்திருக்கும்போதே வந்துவிடு. ‘அம்மா, வரட்டுமா?’ என்று நீயே போனில் கேள். போனைக் கம்பியோரம் பிடிக்கிறேன். எத்தனை தட்டு என்று எண்ணிக்கொள்.

அப்பா